செத்த வீரனுக்கு ஒரு பை

என் மருமகள் ஒரு சோபா கடையில் உறை தைப்பவள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கதை விளையாட்டு நடக்கும். கண்ணாடி போட்ட ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறிப் பேசுவார்கள். வெட்டு விழுந்ததா, தப்பித்தானா என்பதைப் பகடை உருட்டிப் பார்ப்பார்கள். பல முகம் கொண்ட அந்தப் பகடை என் கட்டிலடியில் போய் ஒளிந்துகொள்ளும். காலில் குத்தினால் உயிரே போகும்.

கடையில் மீந்த துணியில் அவள் அந்த விளையாட்டில் வரும் பூதத்தைப் பொம்மை பொம்மையாகத் தைத்துக் குவித்தாள். மூன்று கழுத்து, ஒரே தலை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இந்த விளையாட்டு ஆடுகிறவர்கள் கூடும் சந்தையில் கடை போட இடமும் வாங்கியிருந்தாள். அது நன்றாகப் போனால் சோபா கடையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தைக்கலாம் என்று ஆசை.

சந்தை நெருங்கும்போது, கதை சொல்லும் கண்ணாடிக்காரி அந்த விளையாட்டை வெளியிடும் கம்பெனியின் உரிமப் பத்திரத்தை வாசித்துக் காட்டினாள். விளையாட்டுக்கு ஏற்ற பொருளை வெளியாட்கள் செய்து விற்கலாமாம். கம்பெனியின் பூதத்தையும் சின்னத்தையும் மட்டும் தொடக் கூடாதாம்.

"அப்போ இந்தப் பூதம்?" என்றாள் மருமகள்.

"அது அவங்க வீட்டுப் பிள்ளை, அக்கா. விக்க முடியாது."

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னொரு கழுத்த ஒட்டிடு. நாலு கழுத்துன்னா அது நம்ம பூதம். யாரு வந்து எண்ணப் போறா?"

"வேஷம் போட்டா ஆள் மாறிடுமா அத்தை? எனக்குத் தெரியும்ல," என்று தையலைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். நான் அன்று அவளோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிறு, எங்கள் வீட்டுக்கு ஆட வரும் குழாய் வேலைக்காரரின் வீரன் ஆட்டத்தில் செத்துப்போனான். வருஷக்கணக்காக அவர் வளர்த்த ஆள். ஒரே உருட்டலில் முடிந்துவிட்டது. வீரனின் விவரம் எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"சாவு வீட்டுக்கு டீ போடுங்கப்பா," என்று என் மகன் சிரித்தான்.

"சிரிங்க. குப்பைல போட மனசு வரல. வீட்டுக்குக் கொண்டுபோனா என் பொண்டாட்டி இதுலயே மளிகைச் சாமான் எழுதிடுவா."

மருமகள் எழுந்து போனாள். பிரித்த பூதத் துணியில் சின்னப் பை ஒன்று தைத்து, தாளை மடித்து உள்ளே வைத்து, அவனைக் கொன்ற பகடையையும் போட்டு வாயைக் கட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கண்ணாடிக்காரிதான் சொன்னாள்: "அக்கா, பூதம் கம்பெனியோடது. செத்தவன் இவரோடவன். இத விக்கலாம்."

பத்திரம் கேட்டபடி, கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதிய துண்டுத் துணியை ஒவ்வொரு பையிலும் வைத்துத் தைத்தாள். சந்தையில் ஆளாளுக்குத் தங்கள் வீரன் செத்த கதையைச் சொல்லிக்கொண்டு நின்றார்கள். அவளுக்குத் தைத்து மாளவில்லை. இப்போது சோபா கடைக்குப் பாதி நாள்தான் போகிறாள். மீதிப் பாதியும் சீக்கிரம் நின்றுவிடும்.

ஒரு பூதத்தை மட்டும் நான் பிரிக்க விடவில்லை. விற்கத்தானே கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். கண்ணாடிக்காரி பத்திரம் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றாள்.