என் அம்மா ஆய்வுப் பொருள் அல்ல

நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, மழையா வெயிலா என்று காட்டச் சுவரில் மாட்டியிருக்கும் பாரோமீட்டரை விரல் முட்டியால் தட்டுவார். லண்டனில் பல வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு. நான் வந்த புதிதில் ஒருநாள் அதன் முள் 'நல்ல வெயில்' என்ற எழுத்தின்மேல் நின்றது. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. சொட்டச் சொட்ட நனைந்து வந்து நான் அதைக் காட்டினேன். அந்தம்மா இன்னொரு தட்டு தட்டிவிட்டு, "கருவி சரியாகத்தான் இருக்கிறது. வெயில்தான் வந்து சேரத் தாமதம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இதே பேச்சை எங்கள் ஊரில் கேட்டிருக்கிறேன்.

திருச்செங்கோட்டுக்குத் தெற்கே எங்கள் ஊரில் கிரகணம் என்றால் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்துவார்கள். உலக்கை நின்றால் கிரகணம் பிடித்துவிட்டது, விழுந்தால் விட்டுவிட்டது. மற்ற நாளில் அது நிற்காது என்பது ஊர் நம்பிக்கை. நிற்குமா என்று யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் மற்ற நாளில் உலக்கையை நிறுத்துவது வீட்டுக்கு ஆகாது. சேலத்துக் காலேஜில் நாலெழுத்துப் படித்த திமிரில், ஒரு கோடை விடுமுறையில் பட்டப்பகலில் நான் நிறுத்தினேன். கிண்ணென்று நின்றது. அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

அம்மா உலக்கையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "எங்காச்சும் ஒரு தேசத்துல இப்பக் கிரகணம் புடிச்சிருக்குஞ் சாமி. நமக்கென்ன தெரியும்?" என்றார். பிறகு, "அப்பா வாராரு, எடுத்து மூலைல வெய்யி" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

இங்கே நான் படிப்பது விஞ்ஞானத்தின் வரலாறும் தத்துவமும். அப்படி ஒரு படிப்பா என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. ஆமாம், உண்டு. பொருள் எரியும்போது ஃபுளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒரு காலத்தில் நம்பினார்கள். ஆனால் எரிந்த உலோகம் எடை கூடியிருந்தது. விட்டார்களா? வெளியே போன பொருளுக்கு எடை பூஜ்யத்துக்கும் கீழே என்று அவர்களில் சிலர் சாதித்தார்கள். நம்பிக்கை தோற்கும்போது மனிதர்கள் அதை எப்படி முட்டுக்கொடுத்து நிறுத்துகிறார்கள் என்பதுதான் நான் எழுத விரும்பிய ஆய்வு. வகுப்பில் இதை விளக்கும்போது வீட்டுக்காரம்மாவின் பாரோமீட்டரையும் அம்மாவின் உலக்கையையும் சேர்த்தே சொன்னேன். மூன்றும் ஒன்று என்றேன்.

புரொபசர் பாரோமீட்டருக்கு வாய்விட்டுச் சிரித்தார். ஃபுளோஜிஸ்டனுக்கு, "அது பிழைதான், ஆனால் மேதைகளின் பிழை" என்றார். உலக்கைக்கு மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"உங்கள் தாயார் உயிரோடு இருக்கிறாரா?"

கடல் கடந்து வந்தவனிடம் அன்பாக விசாரிக்கிறார் என்று நினைத்தேன். "சௌக்கியமாக இருக்கிறார் ஐயா" என்றேன்.

"அருமை! அப்படியானால் அவரிடம் கேட்டே எழுதலாம். தலைப்பு, 'இந்துக்களின் ஆதிமனம்.' ஃபுளோஜிஸ்டனை எங்கள் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. ஒரே காரியத்தை மூன்று பேர் செய்தால் ஒருத்தருக்கு வேடிக்கை, ஒருத்தருக்கு மேதைமை, என் அம்மாவுக்கு ஆதிமனம்! இதைப் படிக்கிற ஊர்க்காரர்களே, நீங்களும் சந்தோஷப்பட வேண்டாம். உலக்கையில் நம் முன்னோர் விஞ்ஞானத்தை ஒளித்துவைத்தார்கள் என்று மார்தட்ட நம்மில் ஆளுக்குக் குறைவில்லை. அதன் அடிப்பூண் தட்டையாக இருக்கிறது, அதனால் நிற்கிறது. அவ்வளவுதான். உங்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அம்மாவைப் புரொபசர் பாமரப் பெண் என்கிறார், நீங்கள் ஞானி என்பீர்கள். ஒரு மனுஷி தான் நம்பியதை விடமாட்டாமல் ஒரு பதில் சொன்னாள் என்று இரண்டு பக்கத்திலும் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தத் தலைப்பை ஏற்காவிட்டால் ஆய்வுக்கு வேறு வழிகாட்டி கிடையாது, படிப்பு அதோடு சரி என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். யோசிக்க அந்தப் பருவம் முடியும்வரை விட்டார்கள். கடைசி வாரத்தில் ஒரு மாலை, கல்லூரி மொட்டைமாடியில் சூரிய கிரகணம் பார்க்க எல்லாரும் கூடினோம். புகையில் காட்டிக் கருக்கிய கண்ணாடித் துண்டுகளும் தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. புரொபசர் என்னிடம் வந்து முடிவைக் கேட்டார்.

"அம்மாவைப் பற்றி எழுதமாட்டேன் ஐயா. என் பெயரை அடித்துவிடுங்கள்."

அவர் கோபிக்கவில்லை. பிஸ்கட் தட்டை என் முன்னால் நீட்டினார். "எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் உங்களவர்கள் சாப்பிடமாட்டார்களாமே?"

எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். பிறந்ததிலிருந்து கிரகண வேளையில் ஒரு வாய்த் தண்ணீர்கூட நான் குடித்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மென்றேன். உள்ளே இறங்கவில்லை. துப்பினால் அவர் ஜெயித்துவிடுவார். மாடியில் எல்லாரும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.