பதினேழு கூடைகளும் ஒரு பழம்புடவையும்

நான் குடிவந்திருக்கும் இந்த நகரத்தில் குப்பைகூட இரண்டு அணியாகப் பிரிந்துதான் வீட்டை விட்டு வெளியேறுகிறது. தொம்மலூரில் எங்கள் சந்துக்குள் தினமும் காலையில் கன்னடப் பாட்டை ஒலிக்கவிட்டபடி ஓர் ஆட்டோ வந்து நிற்கும். ஈரக் குப்பை ஒரு வாளியில். உலர்ந்த குப்பை ஒரு பையில், அதுவும் அதற்கென்று குறித்த கிழமைகளில். வெங்காயத் தோல் எந்தக் கட்சி, கழுவாத பால் பாக்கெட் எந்தக் கட்சி, பாதி பிஸ்கட்டைச் சுமந்திருக்கும் உறை எந்தக் கட்சி என்று வண்டிக்காரர் முன் நின்று வாதாடித் தோற்ற நாள்கள் எனக்கு உண்டு. கல்லூரி மேடைகளில் எதிரணியை மூன்றே நிமிடத்தில் திணற வைத்தவன் நான். இங்கே ஒரு முட்டை ஓடு என்னை வென்றது. போளூரில் எங்கள் வீட்டுக் குப்பை பிரிவினை அறியாதது. ஒரே கூட்டணியாகத் தெருமுனைத் தொட்டிக்குப் போகும். அதை நான் பண்பாடு என்று பறைசாற்றவில்லை. ஆனால், அங்கே எங்களை யாரும் குறுக்கு விசாரணை செய்ததில்லை.

ஊரிலிருந்து இதை வாசிப்போரே, ஓசூரைத் தாண்டி வந்து என்னைப் போல் இங்கே வாடகைக்கு வாழ்வோரே, தோற்றவன் வென்றவனின் கொள்கையைத் தழுவுவது உலக வழக்கம் அல்லவா? நானும் தழுவினேன். வகைப்படுத்துவதே வாழ்வு என்று நம்பத் தொடங்கினேன். அந்த நம்பிக்கை முற்றிய வேளையில்தான் எனக்கொரு மகள் பிறந்தாள்.

பிறந்தது ஆரணியில். வளைகாப்பு முடிந்து தாய்வீடு சென்ற என் மனைவி மலர்விழி, குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது அழைத்து வருவதாக ஏற்பாடு. ஆனால், அந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனையைச் சேர்த்துத் தொலைபேசியில் அறிவித்தாள். “ஒரு வாரம் இருந்து பாக்கறேன். பாப்பா அங்க நல்லா தூங்குச்சின்னா இருப்போம். இல்லன்னா ஞாயித்துக்கெழம பஸ் ஏறிடுவேன். அப்பறம் மொத பொறந்தநாளுக்கு மேலதான் பேச்சு.” குழந்தை பகலில் தூங்கவில்லை என்றால் பால் குடிப்பதில்லை, பால் குடிக்கவில்லை என்றால் வீடே தூங்குவதில்லை. நிபந்தனை நியாயமானதுதான். எனக்கு வலித்த இடம் வேறு. வாரம் தவறாமல் பேருந்தேறி ஆரணிக்குப் போவேன். கைப்பேசித் திரைக்குள் என்னைப் பார்த்தால் சிரிக்கும் என் மகள், கதவைத் திறந்து நான் நேரில் நுழைந்தால் வீறிட்டு அழுவாள். அவளுக்குத் தந்தை என்பவன் உள்ளங்கை அளவு ஒளிரும் ஒரு பொருள். முழு உருவத்தில் வந்தவன் யாரோ ஓர் அயலான். இன்னும் ஏழு மாதம் இப்படியே கழிந்தால் நான் நிரந்தரமாகத் திரைக்குள்ளேயே குடியேறிவிடுவேன் என்று அஞ்சினேன்.

எனவே இரண்டாவது படுக்கையறையைக் குழந்தைக்கென்று ஒழுங்குபடுத்தும் பெரும்பணியைக் கையில் எடுத்தேன். குழந்தையறை அமைப்பது எப்படி என்று காணொளிகளில் கற்பிப்போர் இருக்கிறார்கள். அவர்கள் யாருடைய அறையிலும் குழந்தை இருந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் கட்டளைப்படி வெள்ளை மரக்கட்டில் ஒன்று அட்டைப் பெட்டிகளில் துண்டு துண்டாக வந்து சேர, திருகாணிகளோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போராடி அதை நிமிர்த்தினேன். உடை மாற்ற ஒரு மேசை. கை நீட்டினால் எட்டும் உயரத்தில் அடுக்கு. அடுக்கில் பதினேழு பிரம்புக் கூடைகள். ஒவ்வொரு கூடைக்கும் ஒரு பெயர்ச்சீட்டு. தமிழ் மேடையில் வளர்ந்தவன் ஆங்கிலத்தில் எழுதுவேனா? ‘அணையாடை’, ‘ஈரத் துடைப்பான்’, ‘கிலுகிலுப்பை’, ‘வெளிச்செல் உடை’, ‘அகத்துறை உடை’ என்று செந்தமிழில் எழுதி ஒட்டினேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் கஸ்தூரியக்கா இதே நகரத்து நீலசந்திராப் பகுதிக்காரர். அவருடைய தாத்தா காலத்திலேயே இங்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். துடைப்பமும் கையுமாக வாசலில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“இன்னா சார் இது, ரேஷன் கடையாட்டம் கீது?”

“ஒழுங்கு அக்கா. எதை எங்கே வைப்பது என்ற குழப்பமே இனி வராது. சீட்டைப் படித்து அந்தந்தக் கூடையில் போட்டால் போதும்.”

“அட போங்க சார். நமக்குத் தமிழ் பேசத்தான் வரும். ஸ்கூல்ல படிச்சதெல்லாம் கன்னடம். படிக்கணும்னா கன்னடத்துல எழுதுங்க.” பிறகு கூடைகளை விரலால் எண்ணிக்கொண்டே கேட்டார்: “இத்தினி சாமானுக்குப் பேரு வெச்சீங்களே, கொழந்தைக்கு வெச்சாச்சா?”

வைக்கவில்லை. அதில் இரு குடும்பத்தாரும் இன்னும் தொகுப்புரைக்கே வரவில்லை. மேடையில் இதை ‘நேரமின்மை’ என்போம்.

அடுத்து வந்தவர் கீழ்த்தளத்தில் வசிக்கும் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பா. படியேறிய பெட்டிகளின் எண்ணிக்கை அவரைக் கலங்கடித்திருந்தது. அறையை எட்டிப் பார்த்தவர் முகம் இறுகிவிட்டது. “ஸ்கூல் ஓப்பன் மாட்தீரா சார்?” என்றார். பள்ளிக்கூடம் திறப்பதற்கு ஒப்பந்தத்தில் இடமில்லை என்பது அவர் கவலை. நான் ஆங்கிலமும் அரைகுறைக் கன்னடமும் கலந்து, குழந்தைப் பருவத்தில் சூழலின் பங்கு குறித்துச் சற்று விரிவாகவே உரையாற்றினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எஷ்டு மக்களு?” என்றார். எத்தனை பிள்ளைகள் என்கிறார். ஒரு விரலைக் காட்டினேன். அவர் என் விரலைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார். “ஒந்தேனா?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார். நம்பினார் என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த அறையின் நடுவில் நின்றபோது எனக்கு வேலூரில் நடந்த ஒரு கல்லூரிப் போட்டி நினைவுக்கு வந்தது. ‘வாழ்வைச் செம்மையாக்குவது திட்டமிடலா, பட்டறிவா?’ என்பது தலைப்பு. திட்டமிடலே என்று நான் முழங்கினேன். பட்டறிவே என்று வாதிட வந்தவள் மலர்விழி. அடுக்கடுக்காக நான் வீசிய எதுகைகளில் அரங்கம் அதிர்ந்தது. கோப்பை எனக்குத்தான். கோப்பையோடு படியிறங்கும்போது எதிரே வந்தவள் நின்று சொன்னாள்: “நல்லா பேசின. ஆனா பேசினதுல ஒண்ணக்கூட நீ செஞ்சி பாத்ததில்லன்னு மட்டும் நல்லா தெரியுது.” அந்த ஒரு வாக்கியத்துக்கு மறுமொழி தேடித்தான் அவளையே மணந்துகொண்டேன் என்று நண்பர்கள் கேலி பேசுவார்கள். இதோ, ஆண்டுகள் கழித்து, பதினேழு கூடைகளில் அந்த மறுமொழி தயாராகிவிட்டது என்று நான் இறுமாந்திருந்தேன்.

அந்த இறுமாப்பில்தான் ஒரு காரியம் செய்தேன். ஓராண்டாகத் தொடாத பொருள் வீட்டில் இருக்கக் கூடாது என்பது காணொளி வேதத்தின் முதல் கட்டளை. அலமாரியின் அடித்தட்டில் வேட்டியில் கட்டிய துணி மூட்டை ஒன்று இருந்தது. பிரித்தால், துவைத்துத் துவைத்துச் சாயம் போன நூல்புடவைகள் மூன்று. எந்தக் கூடையின் பெயரும் அவற்றுக்குப் பொருந்தவில்லை. உலர்ந்த குப்பைக்குரிய கிழமையில் அந்த மூட்டையோடு வாசலுக்கு இறங்கினேன். எதிரே வந்த கஸ்தூரியக்கா, “நல்ல துணி சார், சும்னே வண்டில போடாதீங்க, நான் எடுத்துக்கட்டா?” என்று கேட்டார். தாராளமாக, என்றேன். இரண்டு தரப்புக்கும் வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

மலர் திங்கட்கிழமை வந்தாள். குழந்தையைத் தோளில் போட்டபடி அறையைச் சுற்றிப் பார்த்தாள். ‘அகத்துறை உடை’ என்ற சீட்டின் முன் மட்டும் சிறிது நேரம் நின்றாள். “ரொம்ப ஒழச்சிருக்க,” என்றாள். அது பாராட்டா என்று ஆராய நேரமில்லை. மதியத் தூக்கத்துக்காகக் கட்டிலில் கிடத்தியதுமே என் மகள் கண்ணைத் திறந்தாள், நாற்புறமும் வெள்ளைக் கம்பிகளைக் கண்டாள், செய்யாத குற்றத்துக்குச் சிறைப்பட்டவள்போல் முறையிட்டாள். செவ்வாய் மதியமும் முறையீடு. புதன் மதியம் அழுகைக்கு நடுவே பாலையும் மறுத்தாள். தேவதைகள் சுற்றும் பொம்மையைத் தலைக்கு மேலே சுழலவிட்டேன். அது எரிகிற தீயில் எண்ணெயாயிற்று. நானே குனிந்து தாலாட்ட முயன்றேன். என் குரலில் மேடைத்தன்மை சற்று மிகுதி. கீழ்வீட்டு நாய் குரைத்தது.

வியாழனன்று மலர் அலமாரியின் அடித்தட்டைத் திறந்தாள். “இங்க ஒரு மூட்ட வெச்சிருந்தேனே?”

“எந்த மூட்டை?”

“எங்கம்மா பொடவ மூணு. தூளி கட்டறதுக்குன்னு வெச்சிட்டுப் போனேன்.”

ஆரணியில் உத்தரத்து வளையத்திலிருந்து தொங்கும் தூளியில் என் மகள் உறங்கியதை நான் வாராவாரம் பார்த்திருக்கிறேன். அதை அந்த வீட்டின் இடப் பற்றாக்குறைக்கு ஒரு தற்காலிகத் தீர்வு என்றே கருதியிருந்தேன். இப்போது உண்மையைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் நான் வழங்கிய மிகச் சுருக்கமான உரை அதுவே. மலர் கத்தவில்லை. “புதுத் துணி பாப்பாவுக்கு உறுத்தும். கடையில வாங்கி வந்து நிக்காத,” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊரிலிருந்து கொண்டு வந்த பெட்டியை இழுத்துச் சுவரோரம் வைத்தாள். வந்த நாளிலிருந்து அந்தப் பெட்டியிலிருந்து ஓர் உடையைக்கூட அவள் அடுக்கில் வைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று மாலையே நீலசந்திராவுக்குப் போனேன். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில், ஒற்றை அறையும் அடுக்களையுமாகக் கஸ்தூரியக்காவின் வீடு. நுழைந்ததும் கண்ணில் பட்டது புடவைதான். கூரைக் கொக்கியிலிருந்து, மூட்டையில் இருந்த வெளிர்நீலப் புடவை ஒரு சிறு கனத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கஸ்தூரியக்காவின் மகள் வயிற்றுப் பேரன், ஒரு கால் மட்டும் வெளியே தெரிய, ஊரையே வென்றவன்போல் உறங்கினான். அந்த அறையில் பெயர்ச்சீட்டு எதுவும் இல்லை. அரிசி டப்பா, பள்ளிப் பை, தையல் இயந்திரம், குழந்தை எல்லாமே அதனதன் இடத்தில் இருந்தன.

வந்த காரணத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கஸ்தூரியக்கா தூளியின் முடிச்சைப் பிடித்தார். “அதுக்கின்னா சார், ஒங்களுதுதானே. எழுப்பிட்டுக் குடுக்கட்டா?”

எத்தனையோ மேடைகளில் ‘முடியாது’ என்பதற்கு முப்பது சொற்கள் வைத்திருந்தவன் நான். அங்கே வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். மீதி இரண்டு? ஒன்றைக் கிழித்து அணையாடை ஆக்கியாயிற்று. ஒன்றை மகளே உடுத்தியிருந்தாள். கஸ்தூரியக்கா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கொடியிலிருந்து தன் பழைய புடவை ஒன்றை உருவினார். பழுப்பில் சிறு பூப்போட்டது. “பேஜாரு பண்ணிக்காதீங்க. இது என் பொண்ணு தூங்கினது. இதுல தூங்காத கொழந்த இன்னும் பொறக்கல.”

புடவை கிடைத்தது, மாட்டக் கொக்கி இல்லை. கிருஷ்ணப்பாவிடம் போனேன். விரலால் கூரையைக் காட்டி, கையால் ஆட்டிக் காட்டி விளக்கினேன். முகம் மலர்ந்தார். ஆனாலும், “ஹோல் மாத்ர பேட சார்,” என்றார். ஓட்டை மட்டும் போடக் கூடாது. அவர் தலைக்கு மேலே, அவர் வீட்டுக் கூடத்தின் நடுவில், பல தலைமுறைத் தொட்டில்களைத் தாங்கித் தேய்ந்த பெரிய இரும்புக் கொக்கி ஒன்று பளபளத்தது. தங்களுக்கென்று கட்டிய கீழ்த்தளத்தில் கொக்கி உண்டு. வாடகைக்கென்று கட்டிய மேல்தளத்தில் மின்விசிறி மட்டும்தான். வாடகைக்கு வருவோர்க்குக் காற்று வேண்டியிருக்கும் என்று எண்ணிய கொத்தனாருக்கு, அவர்களுக்குக் குழந்தையும் பிறக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்த கஸ்தூரியக்கா என் துயரத்தைக் கேட்டுவிட்டு அறையைச் சுற்றிலும் பார்த்தார். பிறகு கதவு நிலைக்கு மேலே கண்ணை உயர்த்தினார். பழைய கட்டடம், நிலைக்கு மேல் காற்று வர இரும்புக் கம்பிகள் பதித்த திறப்பு ஒன்று இருந்தது. அதைக் காகிதத்தால் மூடி, நிலாவும் விண்மீன்களும் ஒட்டியிருந்தேன். அக்கா முக்காலியில் ஏறி என் வானத்தைக் கிழித்தார். கம்பிகளில் கயிற்றைச் சுற்றி முடிந்தார். புடவையை மாட்டிவிட்டு அதைப் பிடித்து முழு உடம்போடு ஒருமுறை தொங்கினார்.

“நானே தொங்கிட்டேன். ஒங்க பொண்ணு இன்னா வெயிட்டு வரப் போவுது? போடும்மா உள்ள.”

மலர் குழந்தையைக் கிடத்தினாள். என் மகள் பூப்போட்ட துணியை ஒரு கையால் பற்றினாள், முகர்ந்தாள், இரண்டு முறை விசும்பினாள். பிறகு உறங்கிவிட்டாள். மூன்று பேரும் மூச்சை அடக்கி நின்றோம். மலர் என் பக்கம் திரும்பவே இல்லை. “அந்தக் கூடைங்கள்ல ரெண்ட காலி பண்ணு,” என்றாள் மெல்லிய குரலில். “எந்துணிய எவ்ளோ நாள் பொட்டியிலயே வெச்சிக்கறது?” நடுவர் தீர்ப்பை இதைவிட நயமாக வழங்கி நான் கேட்டதில்லை.

அந்த அறை இன்றும் மாசுமருவற்ற ஒழுங்கோடு இருக்கிறது. காரணம், அதற்குள் யாரும் நுழைய முடிவதில்லை. என் மகள் உறங்கும்போதெல்லாம் வாசலை அவள் அடைத்திருக்கிறாள். அணையாடை தேவைப்பட்டால், கோப்பைகள் பல வென்ற நான் தூளிக்கு அடியில் நான்கு காலால் தவழ்ந்து போய் எடுத்து வருகிறேன். சில நேரம் அவள் விழித்துக்கொண்டு, துணியை விலக்கி, கீழே தவழும் என்னைப் பார்க்கிறாள். அழுவதில்லை. தூளியை ஆட்டிவிடுகிறேன். ஒரு வீச்சில் செந்தமிழ்ச் சீட்டுகள் ஒட்டிய அறைக்குள் போகிறாள். மறு வீச்சில், கீழே நிற்கும் குப்பை வண்டியின் கன்னடப் பாட்டு ஏறிவரும் கூடத்துக்கு வருகிறாள். ஆட்டம் ஓய்ந்ததும் தூளி தானாக வந்து நிற்பது நிலைப்படிக்கு நேர் மேலே. கூடமும் அல்லாத, அறையும் அல்லாத அந்த ஒரு சாண் மரத்தின் மேல், இன்னும் பெயர் வைக்கப்படாத என் மகள் நிம்மதியாக உறங்குகிறாள்.