ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலி

திரைச்சீலை தைப்பதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. வந்த வாடிக்கையாளரை விரட்டுவதிலும் அப்படித்தான். "இந்தக் கலரைத் தொங்கவிட்டா வர்ற விருந்தாளி வாசலோட திரும்பிடுவான்" என்று முகத்துக்கு நேரே சொன்னால் யார் மறுபடி படியேறுவார்கள்? கடைத்தெரு அவளுக்கு 'முள்ளு' என்று பேர் வைத்திருந்தது.

அவளுடைய ஓரகத்தி நேர் எதிர். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. பேச்சில் தேன் ஒழுகும். மாமனாரின் கடை இரண்டாகப் பிரிந்தபோது தையல் மெஷின்கள் மூத்தவளுக்கு வந்தன, வாடிக்கையாளர்கள் இளையவளோடு போனார்கள். வியாபாரிகள் சங்கத்தின் வாராந்தரக் கூட்டத்தில் இளையவள் ஆர்டர் பிடிப்பாள். துணியை மூத்தவளிடம் அனுப்பிப் பாதிக் கூலிக்குத் தைத்து வாங்குவாள். இனி அவளுக்குத் தைக்கக்கூடாது என்ற வைராக்கியத்தில்தான் முள்ளு அதே சங்கத்தில் சேரப் போனாள்.

அங்கே ஒரு கட்டுப்பாடு: ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர்தான். திரைச்சீலை இடத்தில் ஓரகத்தி உட்கார்ந்திருந்ததால் முள்ளு 'சோபா உறை' என்று எழுதிக்கொடுத்தாள்.

மாடி ஹாலில் எல்லார் சட்டையிலும் பேட்ஜ், எல்லார் முகத்திலும் ஒரே அச்சில் வார்த்த சிரிப்பு. புதியவர் எழுந்து தன்னைப் பற்றிப் பேச வேண்டும். அவள் தொண்டையைச் செருமுவதற்குள் ஓரகத்தி எழுந்துவிட்டாள்.

"தலைவரே, அக்கா கூச்சப்படுவாங்க. நானே சொல்லிடுறேன். எங்க கடைக்குக் கூலிக்குத் தைக்கிறவங்க. பாவம், முன்னுக்கு வரணும்னு ஆசைப்படுறாங்க. எல்லாரும் ஒரு கை தட்டுங்க!"

தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் காரியத்தைக் கெடுத்தது.

"என்னடி பாவம்?" என்று முள்ளு சீறினாள். "உன் பேரைச் சொல்லித் தொங்குற திரை ஒவ்வொண்ணும் நான் தைச்சது. உனக்கு ஒரு பட்டன் தைக்கத் தெரியுமா? திரைச்சீலைக்காரி நான். நீ வெறும் தரகுக்காரி!"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ உங்களுக்கும் அதே தொழில்தானேம்மா? அந்த இடத்துல ஆள் இருக்கே. மன்னிக்கணும்."

ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கிய சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது. "அக்கா, நாளைக்குத் துணி அனுப்பவா?"

"அனுப்பு. தைக்க ஆளையும் சேர்த்து அனுப்பு."

விடுவிடுவென்று படியிறங்கியவளைத் தங்கும் விடுதிக்காரர் ஒருவர் பின்னாலேயே வந்து பிடித்தார். "எங்க திரையெல்லாம் நீங்களாம்மா தைச்சது? புதுசா ஒரு மாடி கட்டியிருக்கோம். நேரா உங்ககிட்டயே குடுக்கலாமான்னு..."

"மேல அத்தனை பேர் முன்னாடி கேக்க வாய் வரலையோ?"

அவர் முகம் சுண்டிப்போனது. "வரேம்மா" என்று திரும்பிப் படியேறினார். மேலே ஓரகத்தி அவரை வரவேற்க வாய் நிறையச் சிரிப்போடு நின்றாள். முள்ளு இரண்டு படி ஏறினாள்.

"நில்லுங்க!" கூப்பிட்டதுபோல் இல்லை, வைததுபோல் இருந்தது. ஆனாலும் அவர் நின்றார்.

"சார், அக்கா பேச்சு உங்களுக்குத் தாங்காது. வழக்கம்போல என்கிட்டயே சொல்லுங்க" என்றாள் ஓரகத்தி, மேலிருந்தே.

முள்ளு பதிலுக்கு வாயைத் திறந்தாள். நாக்கு நுனிவரை வந்ததைப் பல்லைக் கடித்து விழுங்கினாள். மருந்து விழுங்குவதுபோல் இருந்தது.

"இப்பவே அளவெடுக்க வரேன், சார்" என்றாள். அந்த 'சார்' வெளியே வருவதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.