நாலு பத்துக்கு அடித்த மணி

இது நடந்தது. கதை கட்ட எனக்கு வராது. உருளைக்கிழங்கு போடும் குடும்பத்தில் பிறந்தவன் நான். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லத்தான் தெரியும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அந்தப் பச்சை அட்டை நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தை என் மனைவிக்குக்கூட நான் காட்டியதில்லை.

2004, நவம்பர் மாதம். எனக்குப் பத்தொன்பது வயது. அமெரிக்காவின் ஐடஹோவிலிருந்து, மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியனாக ஹங்கேரிக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு வாரம் மொழி படித்துவிட்டு, சோல்னோக் என்ற ஊருக்கு வந்து மூன்றே வாரம் ஆகியிருந்தது. அந்த மொழி காதில் விழுந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. கடையில் ரொட்டி கேட்கவே எனக்கு வியர்த்துவிடும்.

ஊழியர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் இருப்போம். என் கூட்டாளி எல்டர் பிங்கம். எங்கள் ஆண்கள் எல்லோருக்கும் 'எல்டர்'தான் பெயருக்கு முன்னால். யூட்டா மாநிலத்து ஆள், இருபத்தொரு வயது, நெட்டை, வாயைத் திறந்தால் கிண்டல். இரண்டு வருட ஊழியம் முடிந்து அவர் வீடு திரும்பப் பதினாறு நாள்தான் பாக்கி.

எங்களுக்குள் ஒரு கெட்ட பேச்சு உண்டு. ஊழியம் முடிந்து போகிறவரைச் 'சாகப் போகிறார்' என்போம். அவருடைய கடைசிக் கூட்டாளியை 'அவரைக் கொன்றவன்' என்போம். ரயில் நிலையத்தில் என்னைப் பார்த்ததும் பிங்கம் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்.

"ஓ, நீதானா என்னைக் கொல்லப் போறவன்? பாத்தா பச்சப்புள்ள மாதிரி இருக்கே."

அன்றே எனக்கு ஒரு வாக்கியமும் சொல்லிக்கொடுத்தார். 'ஆ தார்ஷம்'. 'என் கூட்டாளி' என்று அர்த்தம்.

"யாரு என்ன கேட்டாலும், புரியலன்னா இதச் சொல்லி என் பக்கம் கையக் காட்டு. மத்தத நான் பாத்துக்கறேன்."

அதையே பிடித்துக்கொண்டேன். தபால்காரர் கேட்டாலும் 'என் கூட்டாளி'. பேருந்தில் டிக்கெட் கேட்டாலும் 'என் கூட்டாளி'. மூன்று வாரத்தில் அது என் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். கூட்டாளியைத் தனியே விட்டு எங்கும் போகக் கூடாது. இது எங்கள் சட்டம். கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் இருக்க வேண்டும். அவருக்கு ஒன்று என்றால் நான்தான் பொறுப்பு. எனக்கு ஒன்று என்றால் அவர்தான்.

நவம்பர் 15, திங்கட்கிழமை. பிங்கம் காய்ச்சலோடு எழுந்தார். அவர் படுத்தால் நானும் வீட்டோடுதான். நாலாவது மாடியில் இரண்டு அறை வீடு. வாசலில் செருப்புப் பலகை. அந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் காலணியைக் கழற்றிவிட்டு, விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் பலகையிலும் ஒரு ஜோடி இருந்தது. பழைய பழுப்புச் செருப்பு. கதவுக்குப் பக்கத்துச் சுவரில், கீழ்வாசலிலிருந்து பேசும் ரிசீவர்.

சாயங்காலம் 4:10. இருட்டிவிட்டது. அந்த ரிசீவர் மணி அடித்தது.

நான் அங்கே வந்த பிறகு அது அடித்ததே இல்லை. வருகிறவர்கள் கீழே நின்று போன் செய்வார்கள், இல்லையென்றால் பேர் சொல்லிக் கத்துவார்கள். அது இந்த ஊர் வழக்கம் போல என்று நினைத்திருந்தேன்.

எடுத்தேன். வயதான ஒரு பெண்ணின் குரல். பின்னால் காற்றுச் சத்தம். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, எதையோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை.

"ஆ தார்ஷம்," என்றேன்.

அவள் "நல்லது" என்பது போல ஒரு சத்தம் கொடுத்தாள். போய்விட்டாள்.

தினமும் காதில் விழும் புது வாக்கியங்களை ஓசைப்படி நோட்டில் எழுதி, ராத்திரி பிங்கமிடம் காட்டுவது என் வேலை. நான் சொன்ன பதிலையும் கீழே எழுத வேண்டும். அன்று ராத்திரி அவர் படுத்தபடியே படித்தார்.

"வீட்ல யாரு இருக்காங்கன்னு கேட்டிருக்காங்க. நீ என்ன சொன்னே?"

"என் கூட்டாளின்னு."

"அப்போ நீ வீட்ல இல்லியா?" சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. வெகு நேரம் இருமினார்.

செவ்வாய் மதியம் தரைத்தளத்து வில்மா நேனி கோழி சூப் கொண்டுவந்தார். அறுபது வயது அம்மா. 'நேனி' என்றால் நம் 'அத்தை' மாதிரி. கதவைக் கை முஷ்டியால் தடதடவென்று இடித்தார். உள்ளே வந்து என்னைப் பார்த்து ஏதோ பொரிந்து தள்ளினார். பிங்கம் கட்டிலிலிருந்து மொழிபெயர்த்தார்.

"ரெண்டு ஆம்பளப் பசங்க, வெள்ளைச் சட்டைய மட்டும் தேய்க்கத் தெரியுது, வெந்நீர் வைக்கத் தெரியலன்னு திட்டறாங்க. டாக்டரக் கூப்பிடச் சொல்றாங்க."

"கூப்பிடலாமே எல்டர்."

"வேணாம். ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சா இப்பவே ஊருக்கு அனுப்பிருவாங்க. ரெண்டு வருஷம் முடிச்சுட்டு என் கால்ல நடந்து போறேன். எங்கம்மா விமான நிலையத்துல நிப்பாங்க."

புடாபெஸ்ட்டிலிருந்து, எங்கள் உடல்நலத்தைக் கவனிக்கும் சகோதரி போன் செய்தபோதும், "வெறும் ஜலதோஷம்தான் சிஸ்டர்," என்று குரலை மாற்றிப் பேசினார். பிறகு போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை.

4:10. மணி. அதே குரல். இந்த முறை பின்னால் காற்று இல்லை. மாடிப்படியில் பேசுவது போல எதிரொலி.

"ஆ தார்ஷம்."

ராத்திரி நோட்டைப் பார்த்த பிங்கம் புருவத்தைத் தூக்கினார். "யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேக்கறாங்க. வில்மா நேனி ஊரெல்லாம் சொல்லியிருப்பாங்க. நல்லாத்தான் பதில் சொல்லியிருக்கே."

புதன்கிழமை நான் தயாராக இருந்தேன். 4:09க்கே பால்கனியில் நின்று கீழ்வாசலைப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. வாசலில் ஒருவரும் இல்லை.

4:10. மணி அடித்தது.

மறுபடி எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

எடுத்தேன். எதிரொலி இன்னும் பக்கத்தில் கேட்டது. மூன்றாம் மாடி நாய் குரைக்கும் சத்தம் ரிசீவருக்குள்ளேயே வந்தது. அவள் கேட்டாள். அன்பான குரல்தான். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

"ஆ... ஆ தார்ஷம்."

ராத்திரி பிங்கம் நோட்டை இரண்டு தடவை படித்தார்.

"ரெண்டு பேர்ல சீக்கிரம் போறது யாருன்னு கேட்டிருக்கு. நான் ஊருக்குப் போறத நீ சொன்னியா?"

"எனக்கு அந்த வார்த்தையே தெரியாது எல்டர்."

கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "இனிமே அத எடுக்காதே," என்றார். விளக்கை அணைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

வியாழன் காலை. பலகையில் விருந்தாளிச் செருப்பைக் காணவில்லை.

அது பிங்கமின் அறை வாசலில் இருந்தது. ஜோடியாக. நுனி உள்பக்கம் பார்த்து.

"ராத்திரி எழுந்தீங்களா?"

"என்னால தலையவே தூக்க முடியல."

பலகையில் திரும்ப வைத்தேன். அன்று 4:10க்கு மணி அடித்தது. எடுக்கவில்லை. விடாமல் அடித்தது. பத்து நிமிடம். காதைப் பொத்திக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். 4:20க்கு நின்றது.

வெள்ளிக்கிழமை மணியே அடிக்கவில்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் பிங்கமின் குரல் கேட்டது. ஹங்கேரிய மொழியில், மெதுவாக, மரியாதையாக... யாருக்கோ பதில் சொல்வது போல.

ஓடினேன். அறையில் அவர் மட்டும்தான். கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரோட பேசறீங்க?"

"உட்காரச் சொன்னேன். நாற்காலி வேணாமாம்."

நெற்றியைத் தொட்டேன். கை சுட்டது. எங்கள் முறைப்படி உச்சந்தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, இரண்டு கையையும் வைத்து ஜெபித்தேன். 'நீங்கள் உங்கள் காலால் நடந்து வீட்டுக்குப் போவீர்கள்' என்று வாக்குக் கொடுத்தேன். அது கடவுள் என் வாயில் வைத்ததா, நானே சொன்னதா, தெரியாது. அப்படி ஆசைப்பட்டேன். அது மட்டும் நிஜம்.

ராத்திரி முழுக்க அவர் கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை, நவம்பர் 20.

காலையில் சூப் ஒரு கரண்டி குடித்தார். மதியம் என்னை அடையாளம் தெரியவில்லை. மூன்று மணிக்கு மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். உதடு நீலம்.

தலையணைக்கு அடியிலிருந்து போனை உருவினேன். 3:48க்கு ஆம்புலன்ஸ் எண் 104ஐ அழைத்தேன். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே, தெரு, எண், மாடி என்று சொன்னேன். "வருகிறோம்" என்றது அந்தப் பக்கம். அந்த ஒரு வார்த்தை புரிந்தது.

காத்திருந்தேன்.

4:00.

4:05.

விசில் சத்தம். நிற்கும். மறுபடி வரும்.

4:10.

மணி அடித்தது.

ஆம்புலன்ஸ் என்று பாய்ந்து எடுத்தேன்.

காற்று இல்லை. எதிரொலி இல்லை. நாய் இல்லை.

மூச்சுச் சத்தம் மட்டும்... விசில் மாதிரி.

பிங்கம் இருமினார். அறையிலிருந்து என் இடது காதில் கேட்டது.

அதே இருமல், அதே நொடியில், ரிசீவர் வழியாக என் வலது காதிலும் கேட்டது.

அவள் அறைக்குள் இருந்தாள்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்.

அங்கிருந்து என்னிடம் பேசினாள். மெதுவாக. குழந்தைக்குச் சொல்வது போல. ஒரு கேள்வி. பதிலுக்காகக் காத்திருந்தாள்.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். நாக்குக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"ஆ தார்ஷம்..."

"நல்லது," என்றாள்.

விசில் நின்றது. இரண்டு காதிலும்.

4:26க்குக் கதவை இடித்தார்கள். மருத்துவர் ஒருவர், தூக்குபவர் இருவர், பின்னால் மூச்சிரைக்க வில்மா நேனி. அறைக்குள் போனார்கள். ரொம்ப நேரம் முயன்றார்கள். பிறகு மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டார். நுரையீரல் காய்ச்சல் ரத்தத்தில் பரவிவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். நான் வாசலிலேயே நின்றேன். அப்போதுதான் கீழே பார்த்தேன்.

வீட்டு வாசல் கதவின் முன்னால் இரண்டு ஜோடிச் செருப்பு. ஒன்று அந்தப் பழுப்பு விருந்தாளிச் செருப்பு. பக்கத்தில், காலையில் கட்டிலடியில் நான் பார்த்த பிங்கமின் நீலச் செருப்பு. இரண்டும் நுனி வெளியே பார்த்து, ஒட்டி நின்றன. நான்கு நாளாக அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

அன்றிரவு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்கள். கைக்கு ஏதாவது வேலை வேண்டும். நோட்டை எடுத்து அவள் கேட்டதை ஓசைப்படி எழுதினேன். அர்த்தம் தெரியாத பாட்டு மாதிரி அது தலைக்குள் அப்படியே இருந்தது. பழக்கதோஷம், கீழே என் பதிலையும் எழுதினேன். படித்துச் சொல்ல ஆள் இல்லை. நோட்டை மூடிவிட்டேன்.

சாமான் கட்ட வந்தபோது, புதுக் கூட்டாளி எல்டர் டேன்ஃபர்த் வழியாக வில்மா நேனியிடம் அந்த மணியைப் பற்றிக் கேட்டேன். அந்த அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"எந்த மணி? இந்தக் கட்டிடத்துல மணி செத்து ரெண்டு வருஷம் ஆச்சே. கம்பிய உருவி வித்துட்டானுங்க. ஆம்புலன்ஸ்காரங்களும் கீழ பதினஞ்சு நிமிஷம் அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு, கடைசில என் ஜன்னலத் தட்டினாங்க."

டேன்ஃபர்த் ரிசீவரைச் சுவரிலிருந்து கழற்றிப் பார்த்தார். பின்னால் வெறும் ஓட்டை.

நான் ஊழியத்தை விடவில்லை. பிங்கமின் அம்மா கடிதம் எழுதியிருந்தார். 'கடைசி நிமிடம்வரை என் மகன் தனியாக இல்லை. நீ கூட இருந்தாய். அது போதும்' என்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

எட்டு மாதம் கழிந்தது. வேறு ஊர், வேறு கூட்டாளி. மொழி எனக்குள் இறங்கிவிட்டது. சந்தையில் பேரம் பேசினேன், கனவுகூட அதில் வந்தது. ஒரு திங்கட்கிழமை துணி துவைக்கும்போது பெட்டியடியில் பச்சை நோட்டு கிடைத்தது. நல்ல வெயில். காலை பத்தரை மணி. யோசிக்காமல் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கண் பட்டதுமே புரிந்துவிட்டது. அகராதி தேவைப்படவில்லை.

அவள் கேட்டது இதுதான்:

'உங்கள் இருவரில் ஒருவரைத்தான் அழைத்துப் போகலாம். யார் வருகிறீர்கள்?'

புரிந்திருந்தால் அன்று வேறு பதில் சொல்லியிருப்பேனா? இருபது வருடமாக இந்தக் கேள்வியோடுதான் படுக்கிறேன். சொல்லியிருப்பேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

அதற்குக் கீழே, என் கையெழுத்தில், மூன்று புள்ளியோடு, என் பதில் இருந்தது.

'என் கூட்டாளி...'