சகாயராஜ் மாஸ்டர் மாற்றிய லேபிள்

எங்கள் பனியன் கம்பெனியில் தீபாவளிக்குத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டீ-சர்ட் கொடுப்பார்கள். அந்த வருடம் என் மகள் தேஜஸ்ரீக்குப் பதினொரு வயது, அறுபத்திரண்டு கிலோ. பெரியவர்கள் சைஸ்தான் சேரும். துவைக்கும்போதுதான் பார்த்தேன். கழுத்தில் இருந்த லேபிளைப் பிரித்து, ‘11-12 வயது’ என்ற லேபிளை வைத்துத் தைத்திருந்தது. கட்டிங் மாஸ்டர் சகாயராஜ் டீக்குப் போகாமல் மிஷினில் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் நினைவு வந்தது. கேட்டேன்.

“லேபிள் மாறிப்போச்சாக்கா? இந்தக் கம்பெனியில எதுதான் மாறல?” என்று சிரித்து மழுப்பிவிட்டார்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இருபத்தாறு வருடம் எங்கள் ஊரில் துணி வெட்டினார். ஞாயிறு மாதா கோவில், மற்ற நாளெல்லாம் கட்டிங் டேபிள். நான் அங்கேயே செக்கிங், தைத்த துணியில் குறை பார்க்கிற வேலை.

தேஜஸ்ரீயின் கழுத்தில் கருப்பு படர்ந்திருந்தது. அழுக்கென்று தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். டாக்டரம்மா ரத்தம் பார்த்து, இன்சுலின் அதிகமாகச் சுரக்கிறது, எடை குறையாவிட்டால் சின்ன வயதிலேயே சர்க்கரை வந்துவிடும் என்றார். சோற்றைப் பாதியாக்கினேன், தினமும் நடக்க வைத்தேன். முருகன் புண்ணியத்தில் எட்டு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தாள். இன்சுலின் இறங்கியது. கழுத்தும் தெளிந்தது.

அப்புறம்தான் பசி வந்தது. சாப்பிட்டு எழுந்ததும், “நெசமாலுமே பசிக்குதும்மா” என்பாள். இரண்டு கிலோ திரும்ப ஏறியது. கிருத்திகையன்று சாமிக்கு வைத்திருந்த சர்க்கரைப் பொங்கலில் பாதியைப் படைக்குமுன்னே தின்றுவிட்டாள். அடித்துவிட்டேன்.

மறுநாள் வேலையில் கண்ணீர் நிற்கவில்லை. “ஏனுங்க மாஸ்டர், சாமி சோத்தையே திருடித் திங்கறாளே!” என்றேன்.

மேசையில் பிரித்துப் போட்டிருந்த துணியைக் காட்டினார்.

“ரோல்ல இழுத்துச் சுத்தி வந்த துணிக்கா. ஒரு நாள் சும்மா போட்டாத்தான் வெட்ட முடியும். பழைய அளவுக்கே சுருங்கப் பாக்கும். துணியே அப்படின்னா உடம்பு இழுக்காதா? சாமி கோவிச்சுக்கிட மாட்டாரு, நீங்கதான் கோவிச்சுக்கிடுதீங்க. டாக்டர்ட்ட கேளுங்க.”

டாக்டரம்மாவும் அதையே சொன்னார். எடை குறையும்போது ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் குறையுமாம், பசியைத் தூண்டுவது கூடுமாம். பிள்ளை பொய் சொல்லவில்லை. பட்டினி போடாமல் சுண்டல், காய், மோர் என்று நேரத்துக்குக் கொடுக்கச் சொன்னார்.

“அடிச்சது தப்புதான் கண்ணு” என்றேன்.

“அதுக்குன்னு தினமும் சுண்டலா?” என்று முறைத்தாள்.

அதற்கப்புறம் ஒரு வருடமாகிறது. உயரம் கூடியிருக்கிறது, எடை கட்டுக்குள் நிற்கிறது. இன்சுலின் சரியாக இருக்கிறதென்ற ரிப்போர்ட்டோடு மகளையும் கம்பெனிக்குக் கூட்டிப் போனேன். அன்று மாஸ்டருக்குக் கடைசி நாள். வயதான தாயைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே கிளம்பிவிட்டார். தேஜஸ்ரீக்கு ஒரு டீ-சர்ட் கொடுத்தார். நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். ‘13-14 வயது.’ பிரித்த தடமே இல்லை, கம்பெனி வைத்த லேபிளேதான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “வாரேன்க்கா. பசிக்குன்னு புள்ள சொன்னா, மொதல்ல நம்புங்க.”