கடவுள் இல்லை என்று சொன்ன பேய்

என் கணவர் தையல்காரர். அறந்தாங்கி போகும் ரோட்டில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவர் கடை. நான் அதே ஊரில் ஆரம்பப் பள்ளி டீச்சர். சுதந்திரம் வந்து பத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்த காலம் அது.

அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கறுப்புச் சட்டைதான் போடுவார். தைக்கிறவரே அவர் என்பதால் எட்டுச் சட்டை வைத்திருந்தார், எட்டும் கறுப்பு. எங்கள் கல்யாணத்தில் ஐயர் இல்லை, தாலி மட்டும் உண்டு. அதுவும் என் அம்மா மூன்று நாள் அழுததால் வந்தது. நான் சாமி கும்பிடுகிறவள். அடுப்படியில் ஒரு முருகன் படம் வைத்திருந்தேன். தண்ணீர் குடிக்க வந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் குடித்துவிட்டுப் போவார். இதனால் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

பேய் விஷயத்தில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே கட்சி என்று நினைத்திருந்தேன். சின்ன வயதில் சுடுகாட்டு ஓரத்தில் ஆடு மேய்த்தவள் நான். நல்ல புல் அங்கேதான் கிடைக்கும். மத்தியானம் சமாதி மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன், ஒன்றும் வந்து எழுப்பியதில்லை. அவருக்கோ சாமியே இல்லை, பேய் எங்கிருந்து வரும் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

அவருக்கு ஒரே ஒரு சிநேகிதர். சைக்கிள் கடைக்காரர். யுத்தக் காலத்தில் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர். என் கணவரைவிடப் பத்து வயது மூத்தவர். இவர் அவரை ‘அண்ணே’ என்பார், அவர் இவரைத் ‘தம்பி’ என்பார். பஞ்சர் ஒட்டிக்கொண்டே கடவுள் இல்லை என்று தெருவுக்கே கேட்கும்படி பேசுவார். சைக்கிளை விட்டுவிட்டு ஓட முடியாது என்பதால் எல்லோரும் நின்று கேட்பார்கள். அந்த வருஷம் தை மாதம் காய்ச்சலில் இறந்துபோனார். “எரிச்சிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க, வேற ஒண்ணும் பண்ணக் கூடாது” என்று சொல்லிவிட்டுத்தான் செத்தார். என் கணவர் பக்கத்தில் நின்று அப்படியே நடத்தி வைத்தார். காரியம் பண்ணாத உயிர் அலையத்தான் செய்யும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சைக்கிள் கடைக்கு நேர் எதிர் வீட்டில் ஒரு மருமகள் இருந்தாள். இருபது வயதிருக்கும். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. புருஷன் புதுக்கோட்டையில் பஸ் கண்டக்டர், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். மாமியார் ஒரு வேண்டுதல் வைத்துவிட்டாள். மருமகள் நாற்பத்தெட்டு நாள் ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதம் இருக்க வேண்டும், கடைசி நாள் முடி இறக்கிவிட்டு வெறும் தரையில் சோறு போட்டுச் சாப்பிட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு முழங்கால் வரை முடி. யாரும் அவளைக் கேட்கவில்லை.

விரதம் ஆரம்பிக்க வேண்டிய வெள்ளிக்கிழமை காலை. பள்ளிக்கூடம் கோடை லீவு, நான் வீட்டில் இருந்தேன். தெருவில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் ரோட்டைத் தாண்டிப் போய், பூட்டிக் கிடந்த சைக்கிள் கடை வாசல் பலகையில், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். மாமியார் எதிர்ப்பக்கம் நின்று மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். மாரியம்மன் கோயில் பூசாரி விபூதியும் வேப்பிலையுமாக வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பேய் ஓட்டுவதும் அவர்தான்.

“யாரு நீ? சொல்லு!” என்று வேப்பிலையால் அடித்தார்.

“கண்ணு தெரியலையா பூசாரி? ஒன் சைக்கிளுக்கு எத்தன தடவ பஞ்சர் ஒட்டியிருக்கேன்?”

கூட்டம் இரண்டடி பின்னால் போயிற்று. பூசாரி விபூதியை அவள் முகத்தில் வீசினார். அவள் ஊதிவிட்டாள்.

“சாம்பல்தானய்யா இது. எதை எரிச்சாலும் சாம்பல் வரும். என்னை எரிச்சப்பவும் வந்துச்சே.”

“ஆத்தா மேல ஆணை. எறங்கு!”

“எந்த ஆத்தா? இல்லாத ஆளு மேல ஆணை வச்சா நான் எதுக்கு எறங்கணும்?”

“ஒரு பேய்க்கு இம்புட்டுத் திமிரா?”

“பேயின்னு யாருய்யா சொன்னது? பேயின்னு ஒண்ணு கெடையவே கெடையாது. எல்லாம் ஏமாத்து வேலை.”

பூசாரி வேப்பிலையைத் தாழ்த்திவிட்டார். எத்தனையோ பேயைப் பார்த்தவர். அழுத பேய் உண்டு, கோழி கேட்ட பேய் உண்டு. பேயே இல்லை என்று சொன்ன பேயை அவர் பார்த்ததில்லை.

யாரோ ஓடிப்போய் என் கணவரைக் கூட்டி வந்தார்கள். கழுத்தில் அளவு டேப்போடு வந்தார். “என்ன கூத்து இது? நாலு கேள்வி கேட்டா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிரும்” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே கூட்டத்தை விலக்கினார்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “வாப்பா தம்பி. நான் இல்லாம நம்ம கறுப்புச் சட்டைக் கூட்டமெல்லாம் ஒழுங்கா நடக்குதா?”

அவர் நின்றுவிட்டார். எதிர்வீட்டு மருமகள் அதுவரை அவரை ஏறிட்டுப் பார்த்ததுகூடக் கிடையாது. அவர் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“அண்ணே” என்றார். கழுத்து டேப்பை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். “அண்ணே... அங்க பாத்தீங்களா?”

“எதை?”

“கடவுளை.”

பூசாரிகூட ஒரு அடி முன்னால் வந்தார்.

“எல்லாப் பக்கமும் தேடிட்டேன் தம்பி. ஒருத்தரும் இல்ல. காலியாக் கெடக்கு.”

என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “கேட்டுக்கிட்டீங்களா? நேர்ல போய்ப் பாத்துட்டு வந்த ஆளு சொல்றாரு!” என்றார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

முதலில் சுதாரித்தது பூசாரிதான். “டெய்லரே, அப்ப பேய் இருக்குன்னு ஒத்துக்கிறியா?”

“இது பேய் இல்ல. எங்க அண்ணன்.”

“செத்துப்போன அண்ணன்.”

“ஆமா.”

“பொய்யி” என்றார் பூசாரி. “நெசப் பேயின்னா விபூதிக்குப் பயப்படும். இந்தப் புள்ள நடிக்குது. பேயுமில்ல, பிசாசுமில்ல.”

“நீ யாருய்யா இல்லைங்கிறதுக்கு?” என்று என் கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். சாமி கும்பிடுகிற நாலு பேர் இடையில் புகுந்து விலக்கிவிட வேண்டியிருந்தது.

அன்றைக்கே பேய் தன் நிபந்தனைகளைச் சொன்னது. இந்தப் பெண் விரதம் இருந்தால் தனக்குப் பசிக்குமாம், அதனால் மூன்று வேளையும் சோறு போட வேண்டும். முடி எடுத்தால் தனக்கு மண்டை காயும், அதனால் முடியைத் தொடக் கூடாது. காலையில் காப்பி. வெள்ளிக்கிழமை தோறும் தம்பி வந்து பேப்பர் படித்துக் காட்ட வேண்டும், உலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமல்லவா? சைக்கிள் கடைக்காரர் உயிரோடு இருந்தபோதே மாமியார் அவர் வாய்க்குப் பயந்தவள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்பது தனி நாளாயிற்று. இவர் காலையிலேயே குளித்துவிடுவார். எட்டுச் சட்டையில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பார். பத்து மணிக்குப் பேப்பரோடு போய், சைக்கிள் கடைப் பலகைக்கு எதிரே நின்றுகொண்டே ஒரு மணி நேரம் படிப்பார். அந்தப் பெண் கண்ணை மூடிக் கேட்பாள். தலையங்கம் வந்தால் ‘ம்’ கொட்டுவாள். தெருக்காரர்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். யாரோ ஒருத்தி பழக்கத்தில் வெற்றிலை பாக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். இவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

ஒருநாள் சோறு போடும்போது கேட்டேன். “ஏங்க, சாமி இல்லைன்னா ஆவி மட்டும் எப்படிங்க இருக்கும்?”

சாப்பிடுவதை நிறுத்தினார். “சாமியை நான் பாத்ததில்ல. அவரோட பதினஞ்சு வருஷம் பேசியிருக்கேன்ல?” என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, “அவரு போனதுலருந்து எனக்குப் பேச ஆளே இல்லம்மா” என்றார். நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

பூசாரி விடுவதாக இல்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை ஒரு சோதனையோடு வந்தார்.

“நீ சைக்கிள் கடைக்காரன்தானே? ரங்கூன்லருந்து நடந்து வந்தப்ப ஒன்கூட வந்தவன் யாரு, சொல்லு பாப்பம்.”

என் கணவருக்கு அந்தப் பதில் தெரியும். ஆவலாக அவள் முகத்தைப் பார்த்தார்.

அந்தப் பெண் அவசரப்படவில்லை. “நெனப்பெல்லாம் எங்கய்யா இருக்கு? மூளையில. மூளையைத்தான் எரிச்சிட்டீங்களே, பெறகு நெனப்பு எங்கிருந்து வரும்? தம்பி, இதெல்லாம் நீ இவருக்குச் சொல்லிக் குடுக்கலையா?”

இவர் தொடையில் தட்டினார். “சுத்தமான விஞ்ஞானம்!”

“இப்பப் பேசறதுக்கு மட்டும் மூளை ஏது?” என்றார் பூசாரி.

“இந்தப் பொண்ணோட மூளைதான்.”

“அதைத்தானய்யா நானும் மூணு வாரமாச் சொல்றேன்!” என்று பூசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கூட்டத்தில் ஒருவருக்கும் யார் ஜெயித்தது என்று தெரியவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பேய் முறை மாறி வந்தது. கண்டக்டர் புருஷன் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததுமே, “இந்த வீட்டுல காத்தோட்டம் பத்தாது. இந்தப் பொண்ணை ஒன்கூடப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போயிரு. நான் இங்கிட்டே இருந்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டது. அவன் ஒரு வாரத்துக்குள் அங்கே ஒரு அறை பார்த்து அவளை அழைத்துப் போய்விட்டான். அந்த வெள்ளிக்கிழமையும் இவர் தேய்த்த சட்டையோடு பேப்பரை எடுத்துக்கொண்டு போனார். காலிப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

இத்தோடு முடிந்திருக்கும். முடியவில்லை. பேயே கிடையாது என்று பூசாரி டீக்கடையில் தினமும் பேசப் போக, பேய் ஓட்ட அவரைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். பேயை நம்பாதவர் எப்படிப் பேயை ஓட்டுவார்? பேயோடு மரியாதையாகப் பேசத் தெரிந்த ஆள் டெய்லர்தான் என்று சுற்று வட்டாரத்தில் பரவிவிட்டது. கறுப்புச் சட்டைக்காரரைத் தேடிப் பேய் பிடித்த வீட்டுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள்.

இவரும் மறுக்கவில்லை. தையலை நிறுத்திவிட்டுச் சைக்கிளில் போவார். ஒருமுறை கோட்டைப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு மீன்காரர் பஸ் ஏறி வந்து அழைத்துப் போனார். அவர் மனைவிக்குப் பேய் பிடித்திருந்தது. இவர் அந்தப் பேய் முன்னால் உட்கார்ந்து, கடவுள் இல்லை, அதனால் சொர்க்கம் இல்லை, நரகம் இல்லை, உன்னை யாரும் தடுத்து வைக்கவில்லை, உனக்கு யாரும் உத்தரவும் போடவில்லை, நீ தாராளமாகப் போகலாம் என்று ஒன்றரை மணி நேரம் எடுத்துச் சொல்லியிருக்கிறார். பேய் இரண்டு தடவை கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விட்டதாம். ஒரு கூடை கருவாட்டோடு வந்து சேர்ந்தார்.

பூசாரி இதைக் கேட்டுக் கொதித்தார். “பத்துப் பேயில ஒம்போது நடிப்பு டீச்சர். பத்தாவது வாயுத் தொல்லை. படிச்சவங்க நீங்களாவது வீட்டுக்காரருக்குப் புத்தி சொல்லக் கூடாதா?” என்று என்னையே வழியில் நிறுத்திக் கேட்டார். கையில் மாரியம்மன் நைவேத்தியம் வைத்திருந்தார். எனக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐந்தாறு வருஷம் போயிற்று. பயிற்சி வகுப்புக்காகப் புதுக்கோட்டை போனவள், பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக்காரரை விசாரித்தாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“அது நீதானம்மா?” என்றேன்.

எது என்று அவள் கேட்கவில்லை. குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். “மொத நாள் நான்தான் டீச்சர். அவரு பேச்சைத் தெனமும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் எனக்கு. ரெண்டாவது வாரத்துலருந்து எனக்கே தெரியல. பேப்பர் படிக்க ஆரம்பிச்சா, முடிஞ்ச பெறகுதான் எனக்கு நெனவு வரும்” என்றாள். அதற்குள் அறந்தாங்கி பஸ் கிளம்பிவிட்டது, நான் ஓடிப்போய் ஏறினேன்.

சாயங்காலம் அவள் சொன்ன இரண்டு விஷயத்தையும் அப்படியே அவரிடம் சொன்னேன். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் தைத்துக்கொண்டிருந்த துணியை மிஷினிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

“மொத நாள் மட்டும்தான் அவளா?”

“அப்படித்தான் சொன்னா.”

சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். எங்கே என்று கேட்டேன். பூசாரி வீட்டுக்கு என்றார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு, “அவன் ஒத்துக்க மாட்டேங்கிறான்” என்றார்.

எதை என்று நான் கேட்கவில்லை.