இலந்தை மரத்துக்கு ஞானஸ்நானம்

வளைகுடாவில், முசஃபா என்ற தொழிற்பேட்டையில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த இரும்புப் பட்டறைக்கு 2006 வாக்கில் புதிய செக்ரட்டரி வந்தாள். பிலிப்பைன்ஸ்காரி. முதல் நாளே எங்கள் இருவரின் விசா தாள்களையும் பார்த்த பி.ஆர்.ஓ, அதாவது கம்பெனியின் விசா வேலைகளைப் பார்ப்பவன், "ரெண்டு பேரும் அண்ணன் தங்கையா, புருஷன் பொண்டாட்டியா?" என்று கேட்டான். இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். தூத்துக்குடிக் கடற்கரையில் எங்கள் பாட்டன் பூட்டன்களுக்குப் போர்த்துகீசியப் பாதிரிகள் ஞானஸ்நானத்தோடு சேர்த்துக் கொடுத்த பெயர் அது. அதைச் சொல்லும்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நெஞ்சு தானாக நிமிரும். அவளுக்கு நிமிரவில்லை.

"ஸ்பானியக் கவர்னர் ஒரு பேர்ப் பட்டியல் அனுப்பினானாம். அதுல ஒரு பக்கம் எங்க ஊருக்கு. பாதி ஊருக்கு ஒரே எழுத்துலதான் பேர் ஆரம்பிக்கும். அதுக்கு முந்தி எங்களுக்கு என்ன பேருன்னு யாருக்கும் தெரியாது" என்றாள்.

அன்றிலிருந்து என்னைக் 'கூயா' என்று கூப்பிட்டாள். அவர்கள் மொழியில் அண்ணன். எங்கள் பேச்செல்லாம் ஓட்டை இங்கிலீஷில்தான். இங்கே நான் தமிழில் சொல்கிறேன்.

அப்போது நான் தொழிலாளர் கேம்பில் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பேர் வருவார்கள். நாலு பேர் ஜெபத்துக்கு, மீதிப் பேர் முடிவில் கொடுக்கும் கேக்குக்கு. கத்தோலிக்கப் பெண் கிடைத்தாள் என்று அவளையும் அழைத்தேன். "வரேன் கூயா. ஆனா எனக்கு இன்னொண்ணும் இருக்கு" என்றாள்.

அந்த இன்னொன்று எங்கள் முற்றத்திலேயே நின்றது. கொட்டிக் கிடந்த இரும்புத் துண்டுகளுக்கு நடுவே எப்படியோ பிழைத்திருந்த ஒற்றை இலந்தை மரம். அதைக் கடக்கும்போதெல்லாம் அவள் தலைகுனிந்து ஏதோ முணுமுணுப்பாள். 'கொஞ்சம் ஒதுங்கிக்குங்க, நான் போகணும்' என்று அர்த்தமாம். மரத்தில் குடியிருப்பவருக்குச் சொல்வது. அவர் பெயர் தீவாத்தா. நம் தேவதையேதான், கடல் தாண்டியதில் உச்சரிப்பு மாறியிருக்கிறது. வியாழக்கிழமை தோறும் மரத்தடியில் ஒரு தட்டில் கொஞ்சம் சோறு, ஒரு பழம், பற்றவைக்காத ஒரு சிகரெட்.

"சிகரெட் எதுக்கு?"

"அவங்களுக்குப் பிடிக்கும்."

கர்த்தருக்குப் பிடிக்காதே என்று நான் உபதேசம் தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னாள். அவள் தீவில் ஸ்பானியர் வருவதற்கு முன்பு பூசாரிகள் பெண்கள்தான். பாபாய்லான் என்று பெயர். நோய்க்கு மருந்து கொடுப்பதும், செத்தவர்களோடு பேசுவதும், ஊர்த் தலைவனுக்குப் புத்தி சொல்வதும் அவர்கள் வேலை. பாதிரிகள் வந்து அவர்களைச் சூனியக்காரிகள் என்றார்கள், மரச்சிலைகளை எரித்தார்கள். சிலர் மலையேறி, ஆள் திரட்டி, எதிர்த்துச் சண்டை போட்டார்கள். பின்னாலேயே பட்டாளம் போனது. மற்றவர்கள் கீழேயே இருந்து, 'நாங்கள் செய்வது ஜெபம்தான் சாமி' என்று சொல்லித் தப்பித்தார்கள். இப்போது அமெரிக்காவில் படித்த பேத்திகள் அதையெல்லாம் இண்டர்நெட்டில் மீட்டெடுக்கிறார்கள். அவளும் அந்தக் குழுவில் உறுப்பினர். இனி எதையும் மறைக்கக் கூடாது என்பது குழுவின் முதல் கொள்கை.

மேனேஜர் ஒரு எகிப்துக்காரர். புதிய கிரேன் நிறுத்த மரத்தை எடுக்கச் சொன்னார். "வெட்டுறதுக்கு முன்னாடி யாராவது ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்று இவள் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் ஜேசிபி மரத்தை நெருங்கியதும் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தது. புது ஹோஸ் மாட்டினார்கள், அதுவும் வெடித்தது. பட்டாணிக்கார டிரைவர் கீழே குதித்து, "கலாஸ் பாய், மை நஹி கரேகா", முடிந்தது, இனி நான் செய்ய மாட்டேன் என்று சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனான். மாட்டியது இரண்டுமே அளவு தப்பான ஹோஸ் என்பது ஸ்டோர் கீப்பரான எனக்கு மட்டும் தெரியும். எடுத்துக் கொடுத்தவன் நான். வேலைக்கு உலை வைத்துக்கொள்ள வேண்டாமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

என் மௌனத்தில் கதை வளர்ந்தது. வெல்டர்கள் அவளைக் கண்டால் ஒதுங்கினார்கள். ஊர்க்காரன் ஒருவன் என்னிடமே வந்து, "அண்ணாச்சி, அந்தப் பொம்பளைகிட்ட ஒரு எலுமிச்சம்பழம் மந்திரிச்சு வாங்கித் தாங்க. லீவு பாஸாகவே மாட்டேங்கு" என்றான். என் ஜெபக் கூட்டத்தில் கேக் சாப்பிடுகிறவன் அவன். எனக்கு வந்த கோபத்துக்குப் பெயர் பக்தி என்றுதான் அப்போது நினைத்தேன்.

மேனேஜர் காதுக்குப் போனது. இந்த நாட்டில் சூனியம் என்றால் போலீஸ் வரும். அவர் என்னைக் கூப்பிட்டார். "நீயும் அவளும் ஒரே மதம். அவள் செய்வது உங்கள் மதத்தில் உண்டா? உண்டென்றால் ஜெபம், எனக்குப் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் மந்திரம், அவளை விமானம் ஏற்ற வேண்டும். எழுதிக் கொடு. யல்லா."

ஆக, நானூறு வருஷத்துக்கு முந்தைய பாதிரியின் நாற்காலியில் கம்பெனி லெட்டர்ஹெட்டோடு என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

அவளிடம் போய், ஜெபம் என்றே எழுதிவிடுகிறேன் என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "வேண்டாம் கூயா. அந்தப் பொய்யைச் சொல்லித்தான் எங்க ஆளுங்க எல்லாத்தையும் தொலைச்சாங்க." ஊரில் அவள் மகள் நர்சிங் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். விசா போனால் அந்தப் படிப்பும் போகும். இரவல் கம்ப்யூட்டரில் குழுவுக்கு எழுதிக் கேட்டாள். கலிபோர்னியாவிலிருந்து உடனே பதில் வந்தது: 'உறுதியாக நில், சகோதரி. முன்னோர்கள் உன்னோடு இருக்கிறார்கள்.' முன்னோர்கள் இருந்தார்கள்தான். விசாதான் இல்லாமல் போக இருந்தது.

நான் அவளைக் கேட்காமலேயே எழுதினேன். எங்கள் ஊர்த் திருவிழாவைத்தான் எழுதினேன். கொடிமரத்துக்குப் பூ, மாதாவுக்குப் பட்டுச்சேலை, உப்பும் மிளகும் காணிக்கை, மொட்டை, தேர், கடைசியில் ஊருக்கே அசனச் சோறு. எழுத எழுத எனக்கே வியர்த்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற கணக்கில், இத்தனைக்கும் நடுவே வளர்ந்துவிட்டு ஒரு தட்டுச் சோற்றுக்கு உபதேசம் செய்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கெபிக் குகையில் பேய் பிடித்த பெண்கள் தலைவிரித்து ஆடுவதை மட்டும் எழுதவில்லை. எழுதியிருந்தால் மேனேஜர் இரண்டு டிக்கெட் போட்டிருப்பார்.

அவர் படித்தார். "உங்கள் மதத்தில் இவ்வளவு வேலையா?" என்று வியந்தார். பிறகு கீழே ஒரு வரி சேர்த்தார்: 'நான் கிறிஸ்தவள். இதைத் தவிர எனக்கு வேறு வழிபாடு இல்லை.' கையெழுத்துப் போடச் சொல்லி அவளிடம் தள்ளினார்.

அவள் அந்த வரியை வெகுநேரம் பார்த்தாள். ஹோஸ் விஷயத்தைச் சொல்ல நான் அப்போதும் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் கையெழுத்துப் போட்டாள். தாளில் மேலே என் குடும்பப் பெயர், கீழே அவளுடையது. இரண்டும் ஒன்று.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "எங்க கிழவிங்க எல்லாம் பயந்தாங்கொள்ளிங்கன்னு நினைச்சிருந்தேன் கூயா. அவங்களுக்கும் பிள்ளைங்க இருந்திருக்கும், இல்ல?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க ஜெபக் கூட்டத்துல கொடுக்கிற அந்தோணியார் படம் ஒண்ணு குடுங்க" என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை மரத்தடியில் தட்டு இருந்தது. சோறு, பழம், சிகரெட். அவற்றை மூடிக்கொண்டு அந்தோணியார். தோண்ட யாரும் முன்வராததால் கிரேன் இருபது அடி தள்ளிப் போனது. மரத்தடியில் மண் சரியில்லை என்று மேனேஜர் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

"உங்க ஊர்க் கோயில்ல சாமி படத்துக்குக் கீழ என்ன இருக்கு கூயா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"டைல்ஸ்" என்றேன். உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த வருஷ லீவில் ஊருக்குப் போனேன். கோயிலில் கூட்டமில்லை. பீடத்துக்கு முன்னால் அந்த டைல்ஸில் கால் வைக்கப் போனவன் நின்றுவிட்டேன். என் வாய் தானாக, "கொஞ்சம் ஒதுங்கிக்குங்க, நான் போகணும்" என்றது.

மெழுகுவர்த்தி அடுக்கிக்கொண்டிருந்த உபதேசியார் திரும்பிப் பார்த்தார். "யாரை வே ஒதுங்கச் சொல்லுதீரு?"

"கொசு" என்றேன்.